பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் மேல்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுட்கார்ட்டில் சில வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இது எங்கே இருக்கிறது? ஜெர்மனி என்று சொன்னால் போதாதா?

போதாது. ஜெர்மனியில் 16 மாநிலங்கள். கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகச் சட்டம், ஃபீஸ், எந்த வகைக் கல்லூரிகள் இருக்கலாம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் தென்மேற்கு மூலையில், ஒரு பக்கம் பிரான்ஸும் ஒரு பக்கம் சுவிட்சர்லாந்துமாக இருக்கிற மாநிலம். தலைநகர் ஸ்டுட்கார்ட். பெர்லினில் படிக்கும் உங்கள் நண்பர் சொல்லும் விவரம் அவருக்குச் சரியாக இருக்கும், உங்களுக்கு அப்படியே பொருந்தாது. முக்கியமாக அடுத்த கேள்வியில்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே?

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைகளைப் பொறுத்தவரை அது உண்மை. இங்கே உண்மை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு, 2017 குளிர்கால செமஸ்டர் முதல், செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். பேச்சிலருக்கும் உண்டு, மாஸ்டர்ஸுக்கும் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2007-ல் இந்த மாநிலம் உள்ளூர் மாணவர்கள் உட்பட எல்லோரிடமும் செமஸ்டருக்கு 500 யூரோ வாங்க ஆரம்பித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஆட்சி மாறியது, 2012-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது கட்டணம் திரும்பி வந்தது. இந்த முறை இங்கே ஓட்டுரிமை இல்லாதவர்களிடம் மட்டும். வசூலாகும் 1,500-ல் 300 யூரோதான் பல்கலைக்குப் போகிறது, மீதி அரசு கஜானாவுக்கு. அதனால் 'ஃபீஸ் கட்டுகிறோமே, கூடுதல் வசதி எங்கே?' என்று வகுப்பில் யாரிடமும் கேட்டுப் பயனில்லை.

கணக்கு இப்படிப் போகும். மாஸ்டர்ஸ் காகிதத்தில் நான்கு செமஸ்டர், 6,000 யூரோ. ஆனால் தீசிஸ் இழுத்து ஐந்து, ஆறு செமஸ்டர் ஆவது இங்கே சர்வசாதாரணம். ஒவ்வொரு கூடுதல் செமஸ்டருக்கும் இன்னொரு 1,500. 9,000 வரை கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இதைத் தவிர எல்லா மாணவர்களும் கட்டும் நிர்வாகக் கட்டணமும் மாணவர் நலச் சங்கச் சந்தாவும் உண்டு. ஊரைப் பொறுத்து அது செமஸ்டருக்கு 150, 200 யூரோ என்று வரும்.

'அப்படியானால் பக்கத்து மாநிலத்துக்கே போய்விடலாமே' என்றால், போகலாம். ஆனால் பவேரியாவில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அதற்கு இது பரவாயில்லை.

1,500 யூரோவில் யாருக்கு விலக்கு?

பிஎச்டி மாணவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், ஜெர்மனியிலேயே பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்களுக்கும், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும் கட்டணம் கிடையாது. ஈழத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளி முடித்தவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. சில பல்கலைகள் சிறந்த மாணவர்கள் சிலருக்குத் தாங்களே விலக்கு தருகின்றன. விண்ணப்பிக்கும்போதே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும்.

மொத்தம் எத்தனை பல்கலைக்கழகங்கள்? எது நல்லது?

மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது: ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க், டூபிங்கன், கார்ல்ஸ்ரூஹே, ஸ்டுட்கார்ட், ஹோஹென்ஹைம், மன்ஹைம், கான்ஸ்டன்ஸ், உல்ம்.

எது நல்லது என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். எது எப்படி வந்தது என்று சொல்கிறேன், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரே மாநிலத்தில் மூன்று பழங்காலப் பல்கலைகள் இருப்பது ஏன் தெரியுமா? அன்றைக்கு இது ஒரே ஆட்சி இல்லை. ஹைடல்பெர்க்கை 1386-ல் ஃபால்ட்ஸ் பகுதியின் ஆட்சியாளர் முதலாம் ருப்ரெஷ்ட் தொடங்கினார், இன்றைய ஜெர்மனியிலேயே மூத்தது. ஃப்ரைபுர்க் 1457-ல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்புர்க் வம்சத்தார் தொடங்கியது. டூபிங்கன் 1477-ல் வூர்ட்டெம்பெர்க்கின் எபர்ஹார்ட் பிரபு தொடங்கியது. 'துணிந்து பார்க்கிறேன்' என்பது அவருடைய கொள்கை வாசகம், இன்றும் அதுதான் அந்தப் பல்கலையின் வாசகம். மூன்று ஆட்சியாளர்கள், மூவருக்கும் தனக்கென்று ஒரு பல்கலை வேண்டும். பாடனும் வூர்ட்டெம்பெர்க்கும் ஒரே மாநிலமானதே 1952-ல்தான். இப்போதும் ஒரு கார்ல்ஸ்ரூஹேக்காரரை ஸ்டுட்கார்ட்காரர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

இந்த மூன்றிலும் மருத்துவம், சட்டம், இறையியல், அடிப்படை அறிவியல் எல்லாம் உண்டு. டூபிங்கனில் கெப்ளரும் ஹெகலும் படித்தார்கள். 1869-ல் ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்ற இளைஞர், அந்த ஊர்க் கோட்டையின் பழைய சமையலறையை ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் டிஎன்ஏ என்று சொல்வதை முதலில் பிரித்த இடம் அந்தச் சமையலறை. பெண்களை முறையான மாணவர்களாகச் சேர்க்க ஜெர்மனியில் முதலில் அனுமதித்தது 1900-ல் பாடன் அரசு, அதாவது ஃப்ரைபுர்க்கும் ஹைடல்பெர்க்கும்.

கார்ல்ஸ்ரூஹேயும் ஸ்டுட்கார்ட்டும் 19-ஆம் நூற்றாண்டில் தொழில் கற்பிக்க வந்தவை. கார்ல்ஸ்ரூஹே 1825, ஸ்டுட்கார்ட் 1829. மின்காந்த அலைகள் இருப்பதை ஹெர்ட்ஸ் சோதனையில் காட்டியது கார்ல்ஸ்ரூஹேயில். காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் படித்ததும் அங்கேதான். 2009-ல் பக்கத்திலிருந்த தேசிய ஆராய்ச்சி மையத்தோடு அதை இணைத்து கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக கேஐடி, ஆக்கினார்கள். பொறியியல் என்றால் நம்மவர்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

எனக்குப் பிடித்த கதை ஹோஹென்ஹைமுடையது. 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் உலகத்தையே மூடி, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. வூர்ட்டெம்பெர்க்கில் பயிர் அழுகி ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அதைப் பார்த்த மன்னர் முதலாம் வில்ஹெல்ம் 1818-ல் ஒரு விவசாயப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ஹோஹென்ஹைம் பல்கலை. ஒரு அரண்மனைக்குள் இருக்கிறது. வெப்பமண்டல விவசாயத்துக்கென்றே ஆங்கிலத்தில் மாஸ்டர்ஸ் உண்டு. கோயம்புத்தூரில் பிஎஸ்சி அக்ரி முடித்தவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

மன்ஹைம் வணிகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் பெயர் பெற்றது, அதுவும் அரண்மனைக்குள்தான். கான்ஸ்டன்ஸும் உல்மும் 1960-களில் வந்தவை.

'ஹோக்‌ஷூலே' என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூடமா?

இல்லை. அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றி 'ஹைஸ்கூல்' என்று படித்துவிட்டு, நல்ல அட்மிஷனை வேண்டாம் என்று விட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஹோக்‌ஷூலே என்றால் உயர்கல்வி நிறுவனம், அவ்வளவுதான்.

நடைமுறையில் அந்தப் பெயரோடு வருவது பெரும்பாலும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரி. எஸ்லிங்கன், ஆலன், ராய்ட்லிங்கன், ஃபோர்ட்ஸ்ஹைம், ஃபுர்ட்வாங்கன், ஹைல்ப்ரான் என்று மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் அந்த ஊர்த் தொழிலின் பிள்ளை. ராய்ட்லிங்கன் 1855-ல் நெசவுப் பள்ளியாக ஆரம்பித்தது. கருங்காட்டு மலைமேல் இருக்கும் ஃபுர்ட்வாங்கன் 1850-ல் வந்த கடிகாரப் பள்ளியின் வாரிசு. ஃபோர்ட்ஸ்ஹைம் தங்க நகை ஊர், அங்கே டிசைன் பிரபலம். ஆலனுக்குப் பக்கத்து ஊர் ஓபர்கோகன், ஸைஸ் லென்ஸ் கம்பெனியின் தலைமையகம், அதனால் ஆலனில் ஒளியியல். பாடத்திட்டத்தைப் படிப்பதற்கு முன் கல்லூரி இருக்கும் ஊரில் என்ன தொழிற்சாலை இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே பேராசிரியராக வேண்டுமென்றால் வேலை அனுபவம் கட்டாயம், அதில் சில வருடங்களாவது கல்லூரிக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். வகுப்பு சிறியது. பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். பட்டத்தின் மதிப்பு பல்கலைப் பட்டத்துக்குச் சமம். பிஎச்டி விஷயத்தில் மட்டும் முன்பு பல்கலையைத் தேடித்தான் போகவேண்டியிருந்தது. 2022-ல் இந்தக் கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து முனைவர் பட்டம் தரும் உரிமையும் வாங்கிவிட்டன. கம்பெனி வேலைதான் குறிக்கோள் என்றால் நான் இவற்றைத்தான் முதலில் சொல்வேன்.

சம்பளத்தோடு படிக்கும் பல்கலை இருக்கிறதாமே?

இருக்கிறது. இரட்டைப் பல்கலை என்று சொல்லலாம், சுருக்கமாக டிஎச்பிடபிள்யூ (DHBW). 1974-ல் தொழில் அகாடமியாகத் தொடங்கி 2009-ல் உயர்கல்வி நிறுவனமானது. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனி, மாறி மாறி மூன்று வருடம். கம்பெனி மாதாமாதம் சம்பளம் தரும், வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் சேர்த்து.

சிக்கல் என்னவென்றால், முதலில் கம்பெனியில் இடம் கிடைக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாமல் அட்மிஷன் இல்லை. நேர்காணல் ஜெர்மனில், வேலை ஜெர்மனில், பாடமும் பெரும்பாலும் ஜெர்மனில். சென்னையில் இருந்துகொண்டு இதைப் பிடிப்பது கஷ்டம். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அருமையான வழி.

ஆசிரியர் பயிற்சி, இசை?

ஆசிரியர் கல்விக்கென்று ஆறு தனி உயர்கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. மற்ற மாநிலங்களில் எல்லாம் அவற்றைப் பல்கலைகளோடு கலந்துவிட்டார்கள். இசைக்கு ஐந்து. அதில் ஒன்று ட்ரோசிங்கன் என்ற சின்ன ஊரில், ஹோனர் மவுத் ஆர்கன் செய்யும் ஊர். 2013-ல் செலவைக் குறைக்க அதன்மேல் கை வைக்கப் பார்த்தார்கள், பெரிய எதிர்ப்பு கிளம்பி நின்றுபோனது.

'எக்ஸலன்ஸ் யூனிவர்சிட்டி' என்றால் தரவரிசையா?

தரவரிசை இல்லை. ஆராய்ச்சிக்காக மத்திய, மாநில அரசுகள் போட்டி வைத்துக் கொடுக்கும் பணமும் பட்டமும். 2019-ல் இந்த மாநிலத்தில் ஹைடல்பெர்க், டூபிங்கன், கான்ஸ்டன்ஸ், கேஐடி ஆகிய நான்குக்குக் கிடைத்தது. முதல் சுற்றுகளில் பட்டம் வாங்கிய ஃப்ரைபுர்க் 2012-ல் இழந்தது, கார்ல்ஸ்ரூஹேயும் அப்போது இழந்து பிறகு திரும்பப் பெற்றது. இழந்த வருடம் அங்கே பாடம் மோசமாகவா நடந்தது? பிஎச்டிக்குப் போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். மாஸ்டர்ஸ் படித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

ப்ளஸ் டூ முடித்தவுடன் வரலாமா?

நேரடியாக பேச்சிலர் சேர முடியாது, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களைத் தவிர. அவர்கள் பொறியியல், அறிவியல் பாடங்களுக்கு நேராக விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு இரண்டு வழி. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஒரு வருடம் வெற்றிகரமாகப் படித்துவிட்டு அதே துறைக்கு வரலாம். இல்லையென்றால் 'ஷ்டூடியன்கொலெக்' என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு. ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூஹே, கான்ஸ்டன்ஸில் இருக்கிறது. அதில் சேரவே நுழைவுத் தேர்வு உண்டு, அதற்கே ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். 17 வயதில் தனியாக இதையெல்லாம் சமாளிக்கலாமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

என் சிஜிபிஏ 8. இங்கே எவ்வளவு?

இங்கே 1 உச்சம், 4 தேர்ச்சி. தலைகீழ். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 10, தேர்ச்சி 5, உங்களுடையது 8 என்றால்: 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4, மூன்று மடங்கு 1.2, ஒன்று கூட்டினால் 2.2. பல மாஸ்டர்ஸ் படிப்புகள் 2.5 வரை பார்க்கும். ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. பேச்சிலரில் கணிதம் எத்தனை கிரெடிட், அடிப்படைப் பாடங்கள் எத்தனை கிரெடிட் என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். 9 வாங்கியவருக்குக் கிடைக்காமல் 7.5-க்குக் கிடைப்பது பெரும்பாலும் இதனால்தான். சிலபஸ் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அரியர் வைத்தால்?

நம்மூர் மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. பொதுவாக ஒரு தேர்வுக்கு இரண்டு அல்லது மூன்று வாய்ப்பு. கடைசி வாய்ப்பிலும் கட்டாயப் பாடத்தில் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் ஜெர்மனியில் வேறெங்கும் சேரவும் முடியாது. விசாவும் அதோடு ஆட ஆரம்பிக்கும். அதனால் தயாராக இல்லையென்றால் தேர்வுப் பதிவை உரிய தேதிக்குள் ரத்து செய்துவிட்டு அடுத்த முறை எழுதுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பதிவும் செய்துவிட்டு, ரத்தும் செய்யாமல், போகாமலும் இருந்தால் அது தோல்வி.

ஜெர்மன் தெரிந்தே ஆகவேண்டுமா?

பேச்சிலருக்குக் கிட்டத்தட்ட எங்கும் வேண்டும். மாஸ்டர்ஸில் ஆங்கிலப் படிப்புகள் நிறைய: ஸ்டுட்கார்ட்டில் இன்ஃபோடெக், டூபிங்கனில் மெஷின் லேர்னிங், மன்ஹைமில் டேட்டா சயன்ஸ், எஸ்லிங்கனில் ஆட்டோமோட்டிவ். ஆனால் படிப்பு ஆங்கிலத்தில் என்றால் ஊரும் ஆங்கிலத்தில் என்று அர்த்தமில்லை. பாஷ், போர்ஷே, மெர்சிடிஸ், எஸ்ஏபி எல்லாம் இந்த மாநிலத்தில்தான். பெரிய கம்பெனியில் ஆங்கிலம் ஓடும். ஆனால் வேலை தரும் நடுத்தரக் குடும்பக் கம்பெனிகள் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கின்றன, அங்கே பி1 என்ற இடைநிலை அளவு ஜெர்மன் இல்லாமல் மதிய சாப்பாட்டு மேஜையில்கூடப் பேச முடியாது. பி1 முடித்து வந்தவருக்கும் இந்தப் பக்கத்து ஸ்வேபிய வட்டார வழக்கு முதல் ஆறு மாதம் புரியாது, அது வேறு விஷயம்.

விசாவுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முன்கூட்டியே போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. ஃபீஸ் இதில் சேராது. இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், முதலிலேயே போட்டுவிடுங்கள். வந்தபின் 30 வயதுக்குள் இருந்தால் மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் சுமார் 140, 150 யூரோ.

வீடு கிடைக்குமா?

இதுதான் உண்மையான நுழைவுத் தேர்வு. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். டூபிங்கன், ஃப்ரைபுர்க், ஸ்டுட்கார்ட் மூன்றும் மோசம். டூபிங்கன் ஒரு சின்ன ஊர், தெருவில் போகிறவர்களில் பாதிப் பேர் மாணவர்கள் மாதிரித்தான் தெரியும். வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்பவர் மோசடிக்காரர்.

வீடு கிடைத்த பிறகு ஒருநாள் உங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கும். 'கேர்வோஹே' என்று எழுதியிருக்கும். அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டியது உங்கள் முறை என்று அர்த்தம். முடித்துவிட்டுப் பலகையைப் பக்கத்து வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நான் முதல் முறை அதை விளம்பரம் என்று நினைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். மூன்று வாரம் யாரும் படியைத் துடைக்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பு எப்படி இருக்கும்?

10 மணி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 10.15-க்குத்தான் ஆரம்பம், அந்தக் கால் மணி நேரம் பழைய சம்பிரதாயம். வருகைப் பதிவு அநேகமாகக் கிடையாது. வகுப்பு முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். முதல் நாள் ஏதோ கலாட்டா என்று நினைத்துவிடாதீர்கள். மதியம் மென்சாவில், அதாவது மாணவர் உணவகத்தில், பருப்பும் ஷ்பெட்ஸ்லே என்ற உள்ளூர் நூடுல்ஸும் கிடைக்கும். கூட வரும் சாஸேஜை வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் ஷ்பெட்ஸ்லேயில் முட்டை உண்டு, பருப்பிலும் இறைச்சி இருக்கலாம், சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது வேலை பார்க்கலாமா? பிறகு?

வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பல்கலையிலேயே ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தால் நல்லது. அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம், ஃபீஸையும் வாடகையையும் சேர்த்து நம்பி வராதீர்கள். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பல்கலைகளில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், கோடை செமஸ்டர் ஏப்ரலில். அவற்றில் மன்ஹைம் தனி வழி, அங்கே வகுப்பு செப்டம்பரிலேயே ஆரம்பம். ஜூலை 15 என்ற பொதுக் கடைசித் தேதியை நம்பாதீர்கள், வெளிநாட்டவர்களுக்கான மாஸ்டர்ஸ் தேதிகள் பல இடங்களில் வெகு முன்பே முடிந்துவிடும். விண்ணப்பத்தைப் பெரும்பாலான பல்கலைகள் சொந்த இணையதளத்திலேயே வாங்குகின்றன. அதை நிரப்ப ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்க என்ன இருக்கிறது?

தமிழ் படிக்க முடியுமா?

இதை ஒரே ஒருவர்தான் கேட்டார், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஹைடல்பெர்க்கில் 1962-ல் தொடங்கிய தெற்காசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே கற்பித்து வந்த மொழிகளில் தமிழும் ஒன்று. டூபிங்கனுக்கும் நம் பக்கத்தோடு ஒரு சொந்தம் உண்டு. ஸ்டுட்கார்ட்டில் பிறந்து டூபிங்கனில் படித்த ஹெர்மன் குண்டர்ட் 1836-ல் மதராஸில் வந்து இறங்கி, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் வேலை பார்த்துவிட்டு, பிறகு தலச்சேரி போய் 1872-ல் மலையாள அகராதியை வெளியிட்டவர். அவர் சேர்த்து வைத்த ஓலைகளும் கையெழுத்துப் பிரதிகளும் டூபிங்கன் பல்கலை நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள், பார்ப்பதற்கு விசாவும் வேண்டாம், 1,500 யூரோவும் வேண்டாம்.